மிளகாய்க்குக் கிழித்த தாள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் சுதந்திரம் வந்த நாலைந்து வருஷத்தில் சங்கரன்கோவிலில் என் மளிகைக்கடையை மிஞ்ச ஆளில்லை. பொட்டலம் மடிக்க யார் வீட்டுப் பரணிலோ கிடந்த பழைய பேப்பர் கட்டு ஒன்றை வாங்கியிருந்தேன். மேலநீலிதநல்லூர்க்காரர் ஒருவருக்கு மிளகாய் மடிக்க ஒரு தாளைக் கிழிக்கப் போனேன்.

"அண்ணாச்சி, கிழிச்சிராதீய! எங்க ஐயா பேரு போட்டிருக்கு."

"ஒம்ம ஐயா என்ன கலெக்டரா வே, பேப்பர்ல வர?"

அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். சிவகிரிப் பக்கம் கிணறு வெட்டும்போது மண் சரிந்திருக்கிறது. அவருடைய அப்பா இரண்டு பேரை மேலே தூக்கிவிட்டு, தான் மண்ணுக்குள் போய்விட்டார்.

"குடிச்சிட்டு விழுந்தாருன்னுல்லா ஊருல சொன்னாவ..."

அவர் தாளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு போனார், மிளகாயை மறந்துவிட்டார்.

பாதி தீர்ந்திருந்த கட்டைப் பார்த்தேன். அதுவரை எத்தனை பேருடைய அப்பாவைக் கிழித்துக் கொடுத்தேனோ!