கருப்பு ஓரம் போட்ட கடுதாசி

வள்ளியாத்தாள் வென்றவை இவை. ஐந்து வயதில் சாவு வரைக்கும் கொண்டுபோய் விட்ட அம்மை. அன்னூருக்கு வடக்கே எந்தத் தோட்டத்திலும் பெண்பிள்ளை நாலாம் வகுப்பைத் தாண்டக் கூடாது என்ற வழக்கம். கோயமுத்தூர் விடுதியில் வீட்டை நினைத்து அழுதுகொண்டே குடித்த ஆறு வருஷத்துக் கஞ்சி. பெண் கேட்டு வந்த இரண்டு வீடுகள். எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. கடைசியாக ஒரு கடுதாசி.

மற்றவற்றை அண்ணன் ஈஸ்வரமூர்த்தி ஒற்றை வரியில், தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருந்தான். மழை பெய்த நாளும் மாடு ஈன்ற நாளும் அதே நோட்டில்தான். கடுதாசிக்கு மட்டும் மூன்று பக்கம் பிடித்தது.

1936-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் சென்னையிலுள்ள பெண்கள் கல்லூரிக்கு வள்ளி விண்ணப்பம் எழுதினாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற மூர்த்திக்கு அதன் ஆங்கிலம் புரியாது. ஆனாலும் எழுத்து எழுத்தாக மூன்று முறை சரிபார்த்துத்தான் தபாலில் சேர்த்தான்.

ஜூன் பதினாறாம் தேதி ஊரில் மாரியம்மன் நோன்பு சாட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் நடக்கும் திருவிழாவைத் தொடங்கினார்கள். அன்று அப்பா செங்கோடக் கவுண்டர் மகளைக் கூப்பிட்டார்.

"சரவணம்பட்டிக்காரங்க ஆடிக்கு முன்னால பதில் கேக்கறாங்க அம்மணி. நோன்பு முடியறதுக்குள்ள கடுதாசி வந்தா மெட்ராஸ். வராட்டிக் கண்ணாலம். சரிதானே?"

"சரிங்கய்யா."

கேட்டுவிட்டு அவரே போய்க் கையில் காப்புக் கட்டிக்கொண்டார். மகளுக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று பூவோடு, அதாவது நெருப்புச் சட்டி, எடுப்பதாக வேண்டுதல். காப்புக் கட்டியவர் வீட்டில் இடையில் சாவுச் சேதி விழுந்தால் தீட்டு. காப்பை அவிழ்த்துவிட வேண்டும், வேண்டுதலும் அதோடு போயிற்று. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

மூர்த்தி தினமும் வரப்பு மேட்டில் நின்று தபால்காரர் மைதீன் பிச்சையை மறித்தான்.

"ஏனுங்ண்ணா, நமக்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

மைதீன் பிச்சை பையைப் பார்ப்பார், பனைமரத்தைப் பார்ப்பார். "நல்ல கடுதாசி ஒண்ணும் வரலீங்க தம்பி."

பஸ் நிற்கும் இடத்தில் காப்பிக்கடைக் கண்ணையாவுக்கு இது போதாதா? "மெட்ராஸ்காரன் உங்க ஊட்டுக்கு வழி தெரியாம போத்தனூர்லயே எறங்கிப் போட்டானாட்ட இருக்குதுங்க!" என்று கடையே சிரிக்கும்படி கேட்பான்.

வள்ளி முதல் வாரம் தைரியமாகத்தான் இருந்தாள். "இங்கிலீசு வரிசையில என்ற பேரு கடைசிப் பக்கமுங்ண்ணா. எழுதி வர நாளாகும்," என்றாள். இரண்டாம் வாரம் கேட்பதை விட்டுவிட்டாள். புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரண்மேல், அட்டாலியில் ஏற்றினாள். ஆத்தா தெய்வாத்தாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளை நினைத்துத்தான் என்று மூர்த்தி எண்ணிக்கொண்டான்.

அப்பா பூவோடு எடுத்தார். மஞ்சள் நீராட்டு முடிந்தது. ஜூலை இரண்டாம் தேதி சாயங்காலம் காப்பை அவிழ்த்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் சரவணம்பட்டிக்காரர்கள் வருவதாக இருந்தது.

அன்று காலையில் ஆத்தா மூர்த்தியை மாட்டுச்சாளைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள். "தங்கச்சியையும் கூட்டியா. இங்கிலீசுல இருக்குது. படிச்சுப்போட்டு எல்லாரும் தலைக்கு ஊத்திக்கோணும்."

கூரை ஓலையில் செருகியிருந்த உறையை உருவினாள். நாலு ஓரத்திலும் விரல் அகலத்துக்குக் கருப்பு. சாவுக் கடுதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாதென்று வெளியிலேயே வைத்திருக்கிறாள்.

"ரங்கோன்ல பொழைக்கற எந்தம்பி போயிட்டான், மூர்த்தி. ரங்கோன் கப்பல் மெட்ராஸுலதானே நிக்கும்? மெட்ராஸ் முத்திரையின்னு தபால்காரரு சொன்னாரு. சாட்டு முடியற மட்டும் வாய் தொறக்காதீங்கன்னு அவருகிட்டக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன். சொல்லியிருந்தா உங்கய்யன் காப்பு அவுந்து போயிருக்கும். இவளுக்காகக் கட்டுன காப்பாச்சே!"

அதுவரை அடக்கி வைத்த அழுகையெல்லாம் அங்கே வந்தது.

வள்ளி உறையைக் கிழித்தாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"ஆத்தா, மாமனுக்கு ஒண்ணுமில்லீங்க."

"பின்னே ஆரு செத்தது?"

"ஆரும் சாகலீங்க. எனக்கு எடம் குடுத்திருக்கறாங்க."

ஆத்தா அழுகையை நிறுத்தி முறைத்தாள். "எடங் குடுக்கறதுக்கு எதுக்குடி கருப்புப் பூசோணும்? புத்தி கெட்டவங்க!" என்றாள். பிறகு மகள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எந்தம்பி இருக்கறான், எந்தம்பி இருக்கறான்" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"திங்கக்கெழமை நாலு மணிக்குள்ள நேர்ல வரோணுமாமுங்ண்ணா," என்றாள் வள்ளி, மடியில் இருந்தபடியே. "இல்லீன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமாம்."

மூர்த்தி விரல் விட்டு எண்ணினான். இன்றையும் சேர்த்து நாலு நாள்.

சத்தம் கேட்டு வந்த அப்பா எல்லாவற்றையும் நின்றபடி கேட்டார். நெருப்புச் சட்டி சுட்ட உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. ஆத்தாவைத் திட்டுவார் என்று மூர்த்தி பயந்தான்.

"பதினாலு நாளா ஒத்தையாவா சுமந்தே?" என்று மட்டும் கேட்டார். பிறகு மகனிடம் திரும்பினார். "அட்டாலியில இருந்து அந்தச் சாக்க எறக்குடா. சரவணம்பட்டிக்காரங்களுக்கு எலை போட்டுச் சாப்பாடு போடுவோம். பதில நாஞ் சொல்லிக்கறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் போத்தனூரில் ரயில் ஏறினார்கள். வழியனுப்ப வந்த மைதீன் பிச்சை மூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "என்னால பதினாலு நாளு போச்சுங்களே தம்பி," என்றார்.

"நீங்க பொய் சொல்லலீங்களேண்ணா," என்றான் மூர்த்தி. அவரும் ஆத்தாவும் சேர்ந்து காப்பாற்றிய காப்பல்லவா அது?

கருப்பு ஓரத்தின் விவரம் கல்லூரியில்தான் தெரிந்தது. கல்லூரித் தலைவியான வெள்ளைக்கார அம்மாவின் அண்ணன் சீமையில் இறந்துபோனாராம். அவர்கள் வழக்கப்படி துக்கம் கழிகிற வரையில் யாருக்கு எழுதினாலும் அந்த உறைதானாம். மூர்த்தி ஊர் திரும்பி இதை ஆத்தாவிடம் சொன்னான். அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் இரண்டு விளக்குப் போட்டாள். ஒன்று ரங்கோன் தம்பிக்கு. மற்றது அந்த அம்மாவின் அண்ணனுக்கு.

வள்ளி தன் பெயரை எழுதாத நோட்டுப் புத்தகம் வீட்டில் இல்லை. ஆனால் அவளுக்காகப் போன காகிதங்களிலெல்லாம் அப்பாவின் கைநாட்டோ அண்ணனின் கையெழுத்தோதான் இருந்தது. சேர்க்கையன்று கல்லூரிப் பதிவேட்டிலும் மூர்த்தி பழக்கத்தில் பேனாவைக் கையில் எடுத்துவிட்டான்.

"நீங்க இல்லீங்க, படிக்கறவங்க போடணும்," என்றார் குமாஸ்தா.

மூர்த்தி பேனாவைத் தங்கையிடம் கொடுத்து, தாள் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் நிதானமாக, ஓர் எழுத்தும் குறையாமல் போட்டாள். மை காயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்திலேயே தேதியும் போடச் சொன்னார் குமாஸ்தா. அதையும் அவளே எழுதினாள்: 1936 ஜூலை 6, திங்கட்கிழமை.