சலவைக்கூடத்துக்கு வந்த வைக்கோல்

அந்தச் சலவைக்கூடத்தை நடத்தியவளை எல்லோரும் வெள்ளையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நிறத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல. அவள் துவைத்த துணி அப்படி வெளுக்கும். ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பெல்லாம் அவளிடம்தான் வரும். பாய்லரில் தண்ணீர் கொதிக்கவைத்துத் துவைத்து, கூடத்துக்குப் பின்னால் கொடியில் உலர்த்துவாள். கொடிக்கு அந்தப் பக்கம் நெல்வயல்.

அறுப்பு நெருங்கினாலே அவளுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். அறுப்பு முடிந்ததும் வயல்காரர் வைக்கோலுக்குத் தீ வைத்துவிடுவார். கரி பறந்துவந்து விரிப்புகளில் உட்காரும். அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வண்டி விரிப்பை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கறைபட்ட ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வயலுக்குள் இறங்கினாள்.

அங்கே வயல்காரர் ஈரத்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கா உங்களுக்கு?” என்று விரிப்பை விரித்துக் காட்டினாள்.

“எனக்கு மட்டும் ஆசையாக்கா? அடுத்த விதைப்புக்கு நிலம் காலியாகணும். இப்போ ஊர்ல மாடு வளர்க்கிறவங்களே இல்ல, வைக்கோல் வேணும்னு கேட்க ஒரு ஆள் இல்ல. இந்தப் புகைக்குப் பயந்து என் வீட்டுக்காரி ஜன்னலையே திறக்கிறதில்ல.”

அவள் விரிப்பை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் பாய்லருக்கு விறகு கிடைக்காமல் அல்லாட்டம்தான். “மிச்சத்தைக் கொளுத்தாதீங்க, நான் எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. வைக்கோலை அப்படியே போட்டால் குப்பென்று எரிந்து, தண்ணீர் சூடாவதற்குள் சாம்பலாகிவிடுமே!

வெல்டிங் பட்டறை வைத்திருந்த கொழுந்தனிடம் போனாள். “அழுத்திக் கட்டையாக்கிட்டா நின்னு எரியும் அண்ணி” என்றவன், பழைய லாரி ஜாக்கி ஒன்றைக் கொண்டு அச்சு செய்துகொடுத்தான். வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, காகிதக்கூழ் சேர்த்து அழுத்தினார்கள். முதல் கட்டைகள் விட்ட புகையில் தெருவே கண்ணைக் கசக்கியது.

“வயல்ல இருந்த புகையை வாசலுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்களேக்கா!” என்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

மறுநாள் ஒரு கட்டையை உடைத்துப் பார்த்தாள். உள்ளே சொதசொதவென்று ஈரம். நடுவில் ஓட்டை விழுகிறமாதிரி கொழுந்தன் அச்சை மாற்றினான். அடுத்துச் செய்தவை உள்ளும் புறமும் காய்ந்தன. பாய்லரில் நின்று எரிந்தன. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெள்ளையக்கா பாய்லர் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள்.

அடுத்த அறுப்பில் வயல் எரியவில்லை. வைக்கோல் ஏற்றிவந்த வண்டியில் வயல்காரரின் மனைவியும் வந்திறங்கினாள்.

“ரெண்டு கட்டை தர்றீங்களாக்கா? எங்க அடுப்புல வச்சுப் பார்க்கிறேன்.”

“உங்க வயல்ல விளைஞ்சதுதானேம்மா, இதுக்கு என்னைக் கேட்கணுமா?” என்று வெள்ளையக்கா கூடை நிறைய அள்ளிப் போட்டாள்.