நமுனுகுல மலையில் அம்மாவின் ஆறடி

அம்மா இறந்து ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, சென்ற நவம்பரில்தான் அவருடைய கல்லறையைப் பார்க்கப் போனேன். இவ்வளவு காலம் ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு: நான் பிரான்சில் அகதியாக இருந்தவன். அகதி கார்ட் வைத்திருப்பவன் எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தானோ அந்த நாட்டுக்கு மட்டும் போகக்கூடாது. போனால் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள். அம்மாவை அடக்கம் செய்த நாளில் நான் பாரிசுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குக் கரட் சீவிக்கொண்டிருந்தேன். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் நவம்பர் இரண்டாம் திகதி வருகிற கல்லறைத் திருநாளுக்கு டிக்கெட் போட்டேன்.

நான் இலங்கையின் மலையகத்தில், பதுளை மாவட்டத்தில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பெயரைச் சொல்லவில்லை. தங்கச்சி ஸ்டெல்லா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். நான் இங்கே இருந்து வாய் கிழியப் பேசுவதற்கு அவள் அங்கே பதில் சொல்ல வேண்டாம்.

பேசுவது என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பாரிசில் என் வாழ்க்கை விடியற்காலை ரயில், சமையலறை, மாலை ரயில், தூக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ஏதாவது ஒரு மண்டபத்தில் தமிழர் கூட்டம் இருக்கும்; வருகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணப் பக்கத்தவர்கள். போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊர் நீங்கள்?" பதுளை என்பேன். "அங்கை வேலைக்குப் போய் இருந்தனீங்களோ?" என்பார். பிறந்ததே அங்கேதான் என்றால் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வரும். கெட்டவர்கள் இல்லை. என் முதல் குளிர்கால ஜாக்கெட்டை வாங்கிக் கொடுத்தவரே பருத்தித்துறைக்காரர்தான். ஆனால் பறிபோன காணிகளைப் பற்றி அவர்கள் பேசும்போதெல்லாம் நான் ஒன்று நினைத்துக்கொள்வேன். பறிபோவதற்கு முதலில் காணி இருக்க வேண்டுமே.

ஒரு நாள் மைக்கைக் கொடுத்தார்கள். கொட்டித் தீர்த்தேன். இருநூறு வருடமாக அந்த மலையில் உழைக்கிறோம், லயத்தில், அந்த வரிசை வீட்டில், எங்கள் ஒற்றைக் காம்பராவின் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் தோட்டத்து ஆபீசில் கேட்க வேண்டும் என்றேன். கடைசியில், "எங்களுக்கும் நிலம் இருக்கிறது. என் அம்மா படுத்திருக்கும் ஆறடி! அதை எந்தக் கம்பெனியும் பிடுங்க முடியாது" என்றேன். மண்டபமே எழுந்து கை தட்டியது. அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் எனக்கு ஐந்து நிமிடம் உண்டு, எல்லாக் கூட்டத்திலும் அந்த ஆறடியும் உண்டு. வீடியோவும் போடுவார்கள்.

பயணத்துக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏ.சி. பஸ், 1,800 ரூபாய், ஏறக்குறைய 230 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கு ஏறி ஒரு மணிக்கு இறங்கினேன். ரயில் அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் நம்ப வேண்டாம். பெரகலைச் சந்தியில் கொஸ்லந்த வழியாக மொனராகலைக்குப் போகிற பாதை பிரியும். அங்கே பஸ் நின்றபோது இறங்கிப் பத்து நிமிடம் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

பதுளைக் கடைத்தெருவில் இரண்டு பெட்டி மெழுகுதிரியும் ஒரு பை சுண்ணாம்பும் வாங்கினேன். பசறை வழியாகத் தோட்டம்வரை முப்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 4,000 ரூபாய். ஓட்டி வந்தவர் நசீர் நானா. பதுளைக்காரர், வாயாடி.

"பிரான்ஸா? அங்க ஓட்டெல்லாம் போடுவீங்களா?"

"இனிமேல் போடலாம் நானா."

"இங்க?"

"இங்க பேரை எடுத்துட்டாங்க."

"அப்ப இங்க ஓட்டுக் கேட்டு ஒருத்தனும் ஒங்க வாசலுக்கு வர மாட்டான். குடுத்து வச்சவர்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்துத் தமிழரின் குடியுரிமையைப் பறித்திருந்ததால், என் அப்பாவுக்கு நாற்பது வயதுவரை எந்த நாட்டிலும் ஓட்டு இல்லை. எனக்குக் கிடைத்தது, நான் பிறக்காத நாட்டில்.

ஸ்டெல்லா போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்: "அண்ணே, நேரா வீட்டுக்கு வாங்க. கல்லறைக்கு நாளைக்கு நாம சேர்ந்து போவோம்." ஆனால் கல்லறைத் தோட்டம் லயத்துக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. ஒன்பது வருடம் காத்திருந்தவனுக்கு இன்னும் ஒரு நாள் காத்திருக்க முடியவில்லை. ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் கல்லறைக்குச் சீமெந்து போட விடமாட்டார்கள். மண்ணைக் குவித்து, சுற்றிக் கல் வைத்து, தலைமாட்டில் ஒரு செடி நடுவோம். ஒரு குடும்பம் சாமந்தி வைக்கும், இன்னொன்று செம்பருத்தி. பெயர்ப்பலகை இல்லாத இடத்தில் செடிதான் பெயர். அம்மாவுக்கு, எங்கள் வாசலில் அவர் வளர்த்த சிவப்புக் குரோட்டன். ஒவ்வொரு நவம்பரும் ஸ்டெல்லா வீடியோ கோல் எடுத்து, அந்தச் செடியையும் எரிகிற மெழுகுதிரியையும் காட்டுவாள். நான் சமையலறைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று ஜெபம் சொல்லுவேன்.

செடியை உடனே கண்டுபிடித்தேன். மேல்வரிசையில், மூன்றாவது. முழங்காலில் விழுந்தேன். அப்புறம் பஸ்ஸில் வராத அழுகையெல்லாம் வந்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: கார்டுக்காகக் காத்திருந்ததை, தனியாகக் கொண்டாடிய கிறிஸ்துமஸ்களை, அவர் சாகும்போது தண்ணீர் கொடுக்க நான் இல்லாததை. புல்லைப் பிடுங்கினேன். கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினேன். நசீர் நானா தூரத்தில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

நாலரை மணிக்கு வேலை முடிந்து வந்த பெண்களில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஸ்டெல்லா கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சுண்ணாம்பு பூசிய கல்லைப் பார்த்தாள்.

"நாளைக்கு வரலாம்னு சொன்னேனே அண்ணே."

"பொறுக்கல."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது அம்மா இல்லண்ணே."

எனக்கு விளங்கவில்லை.

"முந்தின வருச மழையில கீழ்வரிசை பூராவும் சரிஞ்சிருச்சு. பதினோரு கல்லறை. அம்மாவும் போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கீழ ஆத்தோரம் போய்ப் பாத்தோம். செடி மட்டுந்தான் கெடைச்சுது."

அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். கீழே வரிசையே இல்லை. சரிவு முழுக்க மானாப்புல் வளர்ந்து, பச்சையாக, நன்றாக இருந்தது.

"அப்ப இது யாரு?"

"அந்தோணியம்மா. நாலாம் லயம். அவங்க மகனுங்க ரெண்டு பேரும் வெளிய போனவங்க, வர்றதே இல்ல. மெழுகுதிரி இல்லாம கெடந்துச்சு. அதான் செடியைக் கொண்டாந்து இங்க வச்சேன்."

கோபத்தில் கத்திவிட்டேன். போன வருடம் வீடியோவில் எனக்குக் காட்டியது இதையா? பெற்ற தாய் மண்ணோடு போனதைச் சொல்லாமல், ஊரான் வீட்டுக் கல்லறைக்கு என்னை ஜெபம் சொல்ல வைத்தாயா?

ஸ்டெல்லா அழவில்லை. "சொல்லத்தான் போனை எடுத்தேன்" என்றாள். "அன்னிக்குத்தான் ஒங்க வீடியோ வந்துச்சு. ஆறடி நிலம் இருக்கு, எவனும் புடுங்க முடியாதுன்னு பேசுனீங்க. எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க. நீங்க சிரிச்சீங்கண்ணே. அங்க போனதுலேருந்து நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த மழையில நாங்க பதினேழு நாள் கோயில்ல படுத்திருந்தோம்" என்று அவள் புல்லைப் பார்த்தபடி சொன்னாள். "வீடு கட்ட எடம் தர்றோம்னு எழுதிட்டுப் போனாங்க. இன்னும் வரல. நீங்க பேசுறது சரிதான். பேசுங்க. ஆனா செத்தவங்களுக்கு எடம் இருக்குன்னு சொல்லாதீங்கண்ணே. அதுவும் இல்ல."

மறுநாள் கல்லறைத் திருநாள் என்றாலும் அவளுக்குப் பெரட்டு உண்டு. காலையில் பெயர் கொடுத்து வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்தாள். வாழைத்தண்டைத் துண்டு போட்டு, அதில் மெழுகுதிரிகளைக் குத்தி வைத்தோம்; காற்றுக்குச் சாயாது. மாலையில் பாதர் வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். மேல்வரிசை முடிந்து திரும்பியவரை ஸ்டெல்லா நிறுத்தினாள். "பாதர், இங்கேயும்" என்று சரிவைக் காட்டினாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. விளிம்புவரை போய், கையை நீட்டி, புல் முழுக்கத் தெளித்தார். பதினோரு குடும்பமும் விளிம்பில் வரிசையாகத் தண்டுகளை வைத்தோம். யாருடைய திரி யாருக்கு என்று யாரும் பார்க்கவில்லை.

பாரிசுக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் மைக் வந்தது. அந்த வரியைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பருத்தித்துறைக்காரர் மட்டும் வெளியே வந்து ரயில் நிலையம்வரை என்னோடு நடந்தார்.

இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பரில் அந்தப் பக்கம் மதியத்துக்குப் பிறகு பெரும்பாலும் மழை; எனக்கு அந்த இரண்டு நாளும் தப்பியது அதிர்ஷ்டம்; மூன்று மணிக்குள் தோட்டத்துக்குப் போய்விடுங்கள். ஆட்டோவுக்குப் பதுளையிலேயே விலை பேசுங்கள். பசறையில் ஏ.டி.எம். உண்டு, அதற்கு மேல் இல்லை. முக்கியமாக, வீட்டில் இருப்பவர்கள் நாளைக்குப் போவோம் என்றால், நாளைக்கே போங்கள்.

அந்தோணியம்மாவின் மகன்கள் இருவரும் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் கண்ணில் இது பட்டால்: உங்கள் அம்மாவின் கல்லறை நன்றாக இருக்கிறது. மேல்வரிசை, மூன்றாவது. கல்லுக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கிறேன். மெழுகுதிரியை ஸ்டெல்லா ஏற்றுவாள். என்றைக்காவது நீங்கள் வந்தால், தலைமாட்டில் இருக்கும் குரோட்டனை மட்டும் பிடுங்கிவிட வேண்டாம். அது எங்கள் அம்மாவுடையது.