ஒரு மணி ஐந்து நிமிடம்

என் மனைவி நர்ஸ். கனடாவின் வடக்கே, சாலையே போகாத ஊர்களுக்குச் சின்ன விமானத்தில் போய் வைத்தியம் பார்க்கிற வேலை. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, அவள் ஏறும் ஒவ்வொரு விமானத்துக்கும் இங்கே பயந்து சாகிறவன். இத்தனைக்கும் நான் விமானத்தில் ஏறியதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அங்கே விடிந்த நேரம், போன் செய்தாள். புது ஊர் ஒன்றுக்குப் போகிறாளாம், பனி கொஞ்சம் ஜாஸ்தியாம். நான் சிதம்பரத்துக்குக் கிளம்புகிறேன் என்றேன். பஸ்ஸில் பார்த்துப் போகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னமோ நான்தான் பனியில் பறக்கப் போகிற மாதிரி.

அவள் 'கொஞ்சம்' என்றால் எனக்கு அது கொஞ்சம் இல்லை. இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போனில் போட்டுத் தேடினேன். தூரத்தைக் காட்டி, பறக்கும் நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம் என்றது ஓர் இணையதளம். நடுவில் நேராக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வெறும் வெள்ளை, ஒரு ஊர் பெயர்கூட இல்லை. அங்கே விழுந்தால் யார் போய்ப் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. சீ, என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். நான் இறங்குவதற்குள் அவளும் இறங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஏறினேன். தனியார் பஸ். ஆலப்பாக்கத்தைத் தாண்டியதும் டிரைவர் லாரிகளை உரசிக்கொண்டு போனான். மற்ற நாளாக இருந்தால் எழுந்து நின்று கத்தியிருப்பேன். அன்று என் கண் போனை விட்டு நகரவில்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, இப்போது அவளுக்குத் தரை தெரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் இறங்கினேன். மெசேஜ் இல்லை. கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை.

அங்கேதான் மாமனார் வீடு. மகள் ஒரே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக நம்பிக்கொண்டிருக்கிற மனிதர். சின்ன விமானத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது அவள் உத்தரவு. இந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்க முடியாது. பஸ் ஸ்டாண்டிலேயே நின்றேன். டீ வாங்கினேன், குடிக்க முடியவில்லை. அவரே போனில் கூப்பிட்டார்.

"எங்க மாப்ள வரீங்க? பாப்பா பேசிச்சா?"

பேசினாள் மாமா, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள் என்றேன். இனி அவள் பேசாமலே போய்விட்டால் இந்தப் பொய்யை எப்படித் திரும்ப எடுப்பது என்ற பயத்தில் அங்கிருந்த சிமெண்டு கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

டீ ஆறிப்போன பிறகு அவள் கூப்பிட்டாள். விமானம் வழியில் இரண்டு ஊரில் இறங்கி, மூட்டைகளை இறக்கி, ஆளேற்றிக்கொண்டு போனதாம். நம்மூர் ரூட் பஸ் மாதிரிதான். பிறந்ததிலிருந்து ரூட் பஸ்ஸில் போகிற எனக்கு அது தோன்றவே இல்லை. உயிர் வந்ததும் கோபமும் வந்தது. கத்த வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அத வுடுங்க. எந்த பஸ்ல போனீங்க? அந்த ரோட்ல அவுனுங்க ஓட்டுறத நெனச்சி, பிளேன்ல ஏறுனதுலேர்ந்து எனக்கு உசுரே இல்ல. எறங்கனதும் மொதல்ல போனத்தான் பாத்தேன். ஒரு மெசேஜ் போட மாட்டீங்களா?"

நான் பஸ்ஸை விட்டு இறங்கி ரொம்ப நேரமாகிவிட்டது. இப்போதுதான் இறங்கினேன் என்றேன்.