மூன்றாவது வாசிப்பு

அபுதாபியின் முசஃபாவில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டருக்கு வருகிறவர்கள், விசாவுக்கோ வேலைக்கோ போடும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை. "எங்க போடணும்?" என்றுதான் கேட்கிறார்கள். வெல்டர், டிரைவர், ஏசி மெக்கானிக், யாராக இருந்தாலும் அதே கேள்வி. நான் தாளை அவர்கள் பக்கம் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டுவேன். "இங்க. அப்புறம் இங்க. கடைசிப் பக்கத்துல ஒண்ணு." தாளில் பாதி ஆங்கிலம், பாதி அரபி. ஆங்கிலப் பக்கத்தைத் தட்டச்சு செய்வது நான். அரபிப் பக்கம் எனக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள், கல்லூரிக்குப் போனவள் நான். அதில் எனக்குள்ள பெருமையை நான் மறைத்ததே இல்லை. அப்படிப்பட்டவள் இங்கே எதிரில் நிற்கிறவரைப் போலவே பாதித் தாளைப் பார்த்து விழிக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். போன வருடம் ஒருநாள் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர், தொழிலாளர் கேம்ப் மாறுவதற்கான தாளை வாங்கிப் பார்க்காமலே பேனாவைத் திறந்தார். "ஒரு தடவ படிச்சுப் பாருங்கண்ணே" என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தங்கச்சி" என்று சிரித்தபடி போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது தெருவே சேர்ந்து அம்மாவை நிற்க வைத்தது. நாலு பேர் நடுவில் குரல் உயர்த்திப் பேசத் தெரிந்தவள் என்பதுதான் காரணம். அம்மா ஜெயித்தாள். அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. மாதம் ஒருமுறை ஊராட்சி கிளார்க் பைக்கில் வருவார். தீர்மான நோட்டைக் கக்கத்திலிருந்து எடுத்து, ஏற்கெனவே எழுதி முடித்த பக்கத்தை விரித்து, "இங்க போடும்மா" என்பார். அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருப்பாள். அதன் ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, புடவையில் துடைத்துவிட்டு, அஞ்சலை என்ற நாலெழுத்தையும் கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைவாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்பாள்.

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான் ஒருநாள் அந்த நோட்டைக் கையில் வாங்கினேன்.

"படிச்சிட்டுத் தரேன் சார்."

"படி படி, நல்லாப் படி. பரிட்சையா வைக்கப் போறாங்க?"

படித்தேன். எங்கள் தெருவுக்கென்று பேசி முடித்திருந்த குடிதண்ணீர்த் தொட்டி, அந்தப் பக்கத்தில் மேலத்தெருவில் இருந்தது. "சார், இது தப்பா இருக்கே" என்றேன். கிளார்க் என்னை ஒருமுறை, அம்மாவை ஒருமுறை பார்த்தார். "கை தவறிடுச்சு" என்று அடித்து எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது. "அஞ்சலையா மெம்பரு? அவ மவதான் மெம்பரு" என்று சனங்கள் கேலி பேசினார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு அந்தக் கேலி மிகவும் பிடித்திருந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு மாதமும் நோட்டு என் கைக்கு வந்த பிறகுதான் அம்மா கைக்குப் போனது.

அபுதாபிக்கு வந்த பிறகும் அந்த வேலையை நான் விடவில்லை. கிளார்க் எங்கள் வீட்டு வாசலில் நிற்க, அம்மா போனில் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவாள். எழுத்து தெரியாததால் என் முகத்தை வைத்துத்தான் போனில் என்னைக் கண்டுபிடிப்பாள். நான் படித்துப் பார்த்து, குரல் பதிவில் "போடும்மா" என்று அனுப்பினால் போடுவாள். இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, பேசுவதற்கு வேறு ஆப் போட்டுக்கொடுத்திருந்தேன். ஆளே இல்லாத மதிய நேரத்தில் பிரின்டர் பக்கத்தில் நின்று எங்கள் ஊராட்சியின் தெருவிளக்குகளையும் வாய்க்கால்களையும் படித்துக்கொண்டிருப்பேன். ஊரை விட்டு வந்ததாகவே தோன்றாத நிமிடங்கள் அவை.

என் அறைத்தோழி இரினா உக்ரைன்காரி. கார்கிவ் நகரத்துப் பெண், இருபது வயது. சண்டை தொடங்கிய பின் அவள் பல்கலைக்கழகம் இணையத்துக்கு மாறிவிட்டது. இவள் இங்கே வந்து ஒரு சலூனில் ரிசப்ஷன் டியூட்டி பார்த்துக்கொண்டே அரசியல் பாடம் படித்தாள். அவள் அம்மா மட்டும் அங்கேயே இருந்தார். அவர் வர மறுத்துவிட்டாராம். இரினாவின் போனில் ஒரு ஆப் இருந்தது. அவள் ஊரில் அபாயச் சங்கு ஊதினால் முசஃபாவில் எங்கள் அறையிலும் ஊதும். அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிடுவாள். அம்மா எடுக்கும்வரை நானும் சாப்பாட்டைத் தொடமாட்டேன். சூரியகாந்தி விதையைக் கொறித்து உமியை ஒரு டம்ளரில் துப்பிக்கொண்டே, "உன் அம்மா அழைத்தால் தெருவிளக்கு எரியவில்லை என்கிறார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்பாள்.

அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கனடா நாடாளுமன்றத்தில் உக்ரைன் மாணவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி. ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் உட்கார்ந்து, கடிதம் எழுதி, குழுக்கூட்டங்களைக் கவனித்து, மக்களாட்சி எப்படி நடக்கிறது என்று நேரில் கற்றுக்கொள்ளலாம். நேர்காணலுக்கு அவளைத் தயார் செய்தது நான்தான். கட்டில்மேல் சம்மணமிட்டு அமர்ந்து தேர்வுக்குழுத் தலைவர் மாதிரி கேள்வி கேட்பேன். ஒருநாள் அவள் திருப்பிக் கேட்டாள். "உங்கள் நாட்டில் எல்லோரும் வாக்களிக்கிறார்களாமே. உனக்கு என்ன அனுபவம்?" எனக்குக் கேட்கவா வேண்டும். அம்மா, நோட்டு, தொட்டி, அடித்து எழுதிய கிளார்க், தெருவின் கேலி, இங்கிருந்தபடி நான் அனுப்பும் அனுமதி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் கைதட்டுவாள் என்று நினைத்தேன்.

"வாக்கு வாங்கியது யார்?" என்றாள்.

"அம்மா."

"முடிவு செய்வது?"

"நான். அதைத்தானே சொன்னேன்."

"அந்தக் குமாஸ்தாவும் அப்படித்தானே செய்தான்?"

அவள் கேலிக்காகக் கேட்கவில்லை. ஆங்கிலம் எங்கள் இருவருக்குமே சொந்த மொழி இல்லை, வேறு எதையோ கேட்க நினைத்து இப்படி வந்துவிட்டதோ என்றுகூட முதலில் எண்ணினேன். இல்லை, சரியாகத்தான் கேட்டிருந்தாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபிளாஸ்கில் எனக்கும் டீ போட்டு வைத்துவிட்டு டியூட்டிக்குப் போயிருந்தாள். குடித்தேன். நான் விட்டுவிட்டால் அம்மாவுக்கு யார் படித்துக் காட்டுவார்கள்? படிக்கத் தெரிந்தவள் படிக்கத் தெரியாதவளுக்கு உதவுவது எப்படிக் கிளார்க்கின் வேலையாகும்? இப்படியெல்லாம் மனதுக்குள் வாதாடினேன்.

இரினா தேர்வாகிப் போய்விட்டாள். அறையில் அந்தச் சங்கு நின்றது. ஆனாலும் சாப்பிடும்போது காது அதற்காகக் காத்திருந்தது. அங்கிருந்து குரல் பதிவுகள் வரும். ஒருமுறை இப்படி அனுப்பினாள்: "இங்கே ஒரு சட்டத்தை மூன்று முறை 'வாசிப்பு' என்று கொண்டு வருகிறார்கள். இப்போது சும்மா தலைப்பைத்தான் சொல்கிறார்கள், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அலுவலகத்தில் ஒரு பெரியவர் சொன்னார், இந்த வழக்கம் பிறந்த இங்கிலாந்தில், அச்சு பரவாத காலத்தில் எல்லோருக்கும் நகல் கிடைக்காதாம். படிக்கத் தெரியாத உறுப்பினர்களும் இருந்தார்களாம். அதனால் குமாஸ்தா எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டுமாம். உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன்."

அதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதலாம், அது பொய். கிளார்க்கே வாசித்துவிட்டால் அம்மா ஏன் என்னைக் கூப்பிடப் போகிறாள்? மாதம் ஒருமுறை என் ஊருக்குள் என்னை விடுகிற ஒரே கதவு அந்த நோட்டுதான். அதை நானே சாத்த எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் காலை ஒரு கம்பெனியின் ஆட்கள் மொத்தமாக வந்துவிட்டார்கள். போன் டிராயருக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் கலைந்ததும் கூப்பிட்டேன்.

"ஏழு தடவ அடிச்சேன் பாப்பா."

"கவுன்டர்ல ஆளு நின்னாங்கம்மா. என்னாச்சு?"

"கிளார்க்கு வந்தான். இன்னைக்கே போடணும், ஆபீசுக்கு அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நின்னான். எம்மவ பாக்காம போடமாட்டேன்னேன். என்ன கேட்டான் தெரியுமா? ஒம்மவ துபாய்லேருந்துதான் பஞ்சாயத்து நடத்துதா, பேசாம அதையே தலைவராப் போட்டுருவமான்னான். சுத்தி நின்ன பொம்பளைங்கள்லாம் சிரிச்சிட்டாளுவ."

"படம் அனுப்பு, பாக்குறேன்."

"எங்க விட்டான்? நோட்ட மூடிக்கிட்டுப் போயிட்டான். நாளன்னைக்கு வருவானாம். அந்தத் தொட்டி விசயம்தான் பாப்பா. இன்னும் கட்டல, மறுபடி எடத்த மாத்துறானுவன்னு சொல்லிக்கிறாங்க." பிறகு சொன்னாள், "எனக்கு அந்த நோட்டுல கறுப்பாத் தெரியிது, அவ்வளவுதான். நீ அந்நேரம் எடுப்பியா?"

எடுப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கவுன்டரில் காலையில் கையெழுத்துப் போட்டுப் போனவர்களின் தாள்கள் அடுக்காக இருந்தன. ஒருவருக்கும் நான் படித்துக் காட்டியிருக்கவில்லை.

"யம்மா, வீட்டுல வச்சுப் போடாத. கூட்டம் போடச் சொல்லு. மத்த மெம்பருங்களும் இருக்கணும். அங்க அவர எந்திரிச்சு நின்னு சத்தமாப் படிக்கச் சொல்லு. ஒரு தடவைல புரியலன்னா மறுபடி. மூணு தடவ கூடக் கேக்கலாம்."

"சிரிக்கமாட்டாங்களா?"

"பெரிய பெரிய பார்லிமெண்டுலயே அப்படித்தாம்மா."

முந்திரி உடைக்கும் கட்டையின் சத்தம் இரண்டு தரம் கேட்டது.

"அப்ப நீ என்ன பண்ணுவ?" என்றாள்.

"நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்றேன்.

அம்மா வீட்டில் போட மறுத்ததும், மற்ற இரண்டு பெண் உறுப்பினர்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். வேறு வழியில்லாமல் அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். இதற்கிடையில் நான் கவுன்டரில் ஆங்கிலப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டத் தொடங்கினேன். அரபிப் பக்கத்தைச் சூடான்காரச் சக ஊழியரிடம் கேட்டுச் சொல்வேன். முதல் ஆள் நெளிந்தார். "பரவால்ல தங்கச்சி, வெளிய வண்டி நிக்கிது." ஆனாலும் சம்பளம் எழுதியிருந்த வரியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். முதலாளி கண்ணாடிக்கு உள்ளிருந்து "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினார்.

கூட்டம் நடந்த அன்று எனக்கு நகரத்துக்குள் தாள்கள் கொண்டு போகும் வேலை. பஸ்ஸில் முன்பக்கம், பெண்கள் இருக்கையில், இயர்போனோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா போனை இடுப்பில் செருகியிருந்தாள். முதலில் புடவை உரசும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ இருமுவது. பிறகு அம்மாவின் குரல்.

"படிங்க சார்."

"எதும்மா? எல்லாம் வழக்கமானதுதான், போட்டுட்டுக் கெளம்பு."

"வழக்கமானதையே படிங்க. நாங்க கேக்கணும்ல."

கிளார்க் ஒரே மூச்சில் படித்தார். எனக்கே பிடிபடவில்லை. "இன்னொருக்கா" என்றாள் அம்மா. இரண்டாம் முறை கொஞ்சம் நிதானித்தார். தொட்டி என்ற சொல் வந்தது, இடத்தின் பெயர் வரும்போது இருமினார். யாரோ ஆண்குரல், "இதென்னம்மா புதுப் பழக்கம், ஒம்மவ சொல்லிக் குடுத்துச்சா?" என்றது. என் பெயர் அந்த அறையில் எழும் என்று நினைத்தேன். எழுந்தால் நன்றாயிருக்குமே என்றும் இருந்தது.

"எம்மவ அபுதாபில இருக்கு. ஓட்டு வாங்குனது நான். மூணாந் தடவையா அந்த ஒரு வரிய மட்டும் படிங்க சார், இருமாம."

அவர் படித்தார். மேலத்தெரு என்று தெளிவாகக் கேட்டது. "எங்கிட்ட அஞ்சலை தெருன்னுதானய்யா சொல்லிக் கையெழுத்துக் கேட்ட?" என்று ஒரு பெண்குரல் வெடித்தது. அம்மாவுக்குத் துணைக்கு வந்த இருவரில் ஒருத்தியாக இருக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாற்காலி ஒன்று சாய்ந்தது. வெளியே பேரீச்சை மரங்களும் வரிசையான கிடங்குகளும் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் தலைவரின் குரல் சலிப்போடு கேட்டது. "சரி, முன்ன பேசுன எடத்துலயே தொட்டி வரணுங்கிறவங்க கை தூக்குங்க."

நான் கை தூக்கினேன்.

தூக்கிய பிறகுதான் தெரிந்தது. காதுக்குள் கிளார்க் எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஏழு பேர் உள்ள ஊராட்சி. நான்கு வேண்டும். கண்ணாடியில் டிரைவர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், ஸ்டாப்?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். எங்கள் தலையசைப்பு அவருக்கு என்னவாகப் பட்டதோ, அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டினார்.

"நாலு" என்றார் கிளார்க். அதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

கதவு திறந்தது. வெயிலின் அனல் உள்ளே வந்து முகத்தில் மோதியது. இறங்குவதற்கு அங்கே எனக்கு ஒன்றும் இல்லை. எனக்காகத் திறந்த கதவைப் பிடித்து வைத்தபடி டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். காதுக்குள் அம்மா யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள், இடுப்பில் போன் இருப்பதை மறந்துவிட்டாள். என் கை இன்னும் மேலேயேதான் இருந்தது.