கற்பக மரத்துக்கு ஒரு குடம்

கொல்லை மேடு பள்ளமாகக் கிடந்ததால் கண்மாய் மண் அடித்து நிரப்பினோம். அந்த மண்ணோடு வந்து முளைத்தது பெயர் தெரியாத ஒரு செடி. அரச இலை போல இலை, ஊதாவும் ரோஸும் கலந்த பூ. விருதுநகரில் எங்கள் தெருவில் யாருக்கும் அதை அடையாளம் தெரியவில்லை. தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே?

என் கணவரின் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் மிஷினில் வேலை பார்த்தார். உலகத்தில் உள்ளதெல்லாம் காலண்டரில் இருக்கும் என்பது அவர் முடிவு. மகாலட்சுமி படம் போட்ட காலண்டர் ஒன்றைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஆத்தா, தாயாருக்குப் பின்னால பாருங்க. அதே இலை, அதே பூ. இது கற்பக மரம்!”

“ஆடுகூட வாய் வைக்க மாட்டேங்குதே” என்றார் என் மாமியார்.

“அதுக்கே மரியாதை தெரியுது, பாத்தீகளா?”

கேட்டதெல்லாம் கொடுக்கும் மரமாம். நான் கேட்டது குளிக்க ஒரு குடம் தண்ணீர். அந்தக் கோடையில் கிணறு வறண்டு, ஊருக்கு வெளியே போய்த் தண்ணீர் சுமந்தோம். எனக்கென்று இருந்த குடத்தைத்தான் மரத்துக்கு ஊற்றச் சொன்னார் அண்ணன். கணவரின் அண்ணனிடம் நேரில் வாய் திறக்கக் கூடாதென்பது வீட்டு வழக்கம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. உடம்பெல்லாம் வேர்க்குருவோடு அந்த மகராசிக்கு நீர் வார்த்தேன்.

ஒருநாள், அந்தக் காலண்டருக்குப் படம் எழுதியவரையே சாப்பிட அழைத்து வந்தார். கை கழுவக் கொல்லைக்கு வந்த ஓவியர் செடியைப் பார்த்ததும் சிரித்தார்.

“இதையா வளக்கீக? எங்க பிரஸ்ஸுக்குப் பின்னால சாக்கடையோரமா மண்டிக் கிடக்கே! சாமிக்குப் பின்னால இடம் வெறுமனே கிடந்துச்சு. சன்னல் வழியாப் பாத்து இதையே எழுதிவிட்டேன்.”

அப்பாடா, விடிந்தது என்று நினைத்தேன். அண்ணனோ துள்ளிக் குதித்தார். “படத்துல உள்ள செடியேதான்னு சொன்னேனா இல்லையா? எழுதுனவரே சொல்லிட்டாரு!”

இந்த மனிதரிடம் என்ன செய்ய? மறுநாள் மாமியாரிடம் பவ்யமாகச் சொன்னேன். “அத்தை, மரம் வாடக் கூடாதுல்ல. நான் அதுக்குப் பக்கத்துலயே நின்னு குளிக்கேன். ஒரு சொட்டு வீணாப் போகாது.”

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றே ஓலைத் தட்டி வாங்கி, செடியைச் சுற்றி மறைப்புக் கட்டிக் கொடுத்தார்.

தம்பி பெண்டாட்டி குளிக்கிற இடத்துக்கு எந்த ஆம்பளை வருவான்? கற்பக மரத்தைக் கண்டுபிடித்தவர் வாசலோடு நின்றுகொண்டார்.

“ஆத்தா, பூத்திருக்கா?” என்று அங்கிருந்தே கேட்பார்.

நான் முகத்துச் சோப்பு நுரையை வழித்துவிட்டு, “பூத்துக் குலுங்குதுன்னு சொல்லுங்க அத்தை” என்பேன்.