நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில்

குலா மெலாக்கா, எங்கள் மெலாக்காத் தென்னை வெல்லம், உருகும் வாசனை. கொதிக்கும் தென்னை வெல்லப் பாகில் பாண்டான் இலையை முடிந்து போட்டதும் எழுகிற வாசனை. காஜா பேராங் சாலையில் எந்த வீட்டு அடுப்பிலிருந்து அது வந்தாலும் என் கால்கள் தாமே நின்றுவிடுகின்றன. நாக்கு ஊறுவதில்லை. வலது கணுக்கால்தான் குறுகுறுக்கிறது, புண் இருந்த இடம்.

நில அளவை இலாகாவில் சங்கிலி பிடிப்பவன் நான். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ரப்பர் காட்டுக்குள் எல்லைக்கல் நடப் போனபோது அட்டை கடித்தது. எங்கள் வேலையில் அட்டைக்கடி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்தக் கடி ஆறவில்லை. தோல் மூடும், பூட்ஸ் உரசியதும் மறுபடி வாய் திறக்கும்.

என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கால் பெருவிரலில் ஒரு கீறல், பிறகு கறுப்பு, பிறகு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஊன்றுகோலுக்குக் கை பழகுமுன்னே போய்விட்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது யாருடையதோ போல.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமல் பகடி பேசுகிற வயதானவர். கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசல் (சிறுநீரில் சர்க்கரை இருந்தால் நிறம் மாறிக் காட்டும் மருந்துநீர்) ஊற்றி, என் சிறுநீரில் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் கலங்கியது. அடியிலிருந்து வாழைக்குருத்துப் பச்சை ஏறி வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு என்று போகுமாம். அண்ணனுடையது செங்கல் நிறமாக இருந்திருக்கும்.

மறுநாள் வெறும் வயிற்றில் குளுக்கோஸ் நீர் குடிக்கவைத்து, இடைவெளி விட்டு விட்டு இரத்தம் எடுத்தார்கள் (உடம்பு சர்க்கரையை எவ்வளவு தாங்குகிறது என்று அறியும் சோதனை).

"இன்னும் வருத்தம் வரேல்லை," என்றார் டாக்டர். நோயை அவர்கள் வருத்தம் என்பார்கள். "ஆனா எல்லையிலை நிக்கிறீர். நீர் அளக்கிற ஆள்தானே, விளங்கும்."

"மருந்து டாக்டர்?"

"மருந்து இல்லை. சோறு அரைவாசி. சீனி கூடாது. டின்பாலும் கூடாது. சாப்பிட்டாப் பிறகு காய்ச்சிப் பாரும்." ஒரு புட்டி நீலக் கரைசலைக் கொடுத்து, குழாயையும் ஸ்பிரிட் விளக்கையும் இரவல் தந்தார்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் யாராவது 'இன்னும் வரவில்லை' என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல்லின் கனம் தெரியும். வந்தவனுக்கு நோயாளி என்று ஒரு பெயராவது உண்டு. வராதவனுக்குக் காத்திருப்பு மட்டுமே.

என் மனைவி மீனாச்சி கம்போங் செட்டியில் பிறந்தவள்; பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் வாழும் குடியிருப்பு அது. அவளுக்குத் தமிழ் சாமி பெயரிலும் உறவுமுறையிலும் மட்டுமே மிச்சம், வீட்டில் மலாய்தான். அவள் பேச்சை நான் தமிழாக்கித் தருகிறேன். என்னை 'அபாங்' என்பாள், அண்ணன் என்றும் கணவன் என்றும் சேர்த்து. டின்பாலைப் பூனைக்கு ஊற்றினாள். சோற்றைச் சிரட்டையால் அளந்தாள். குழாய் சூடேறும்போது என் தோளுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்பாள்.

சில நாள் நீலம். பிறகு பச்சை. பிறகு ஒரு மத்தியானம் பச்சை நிற்காமல் மஞ்சளுக்குப் போனது.

"நெசமாச் சொல்லுங்க அபாங். வெளிய கோப்பிக் கடையில குடிக்கிறீங்களா?"

"பட்டினி கிடக்கிறேன். என்னையே கேக்குறியா?"

குழாயைக் கழுவாமலே வைத்துவிட்டுப் போனாள். அந்த மஞ்சள் அடுப்படியில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் இருவருமாக டாக்டரிடம் போனோம்.

அவர் என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "கறுப்புக் கோப்பிக்கு ஒரு கட்டி. சோறு கொறைஞ்சிருச்சேன்னு சாயங்காலம் சவ்வரிசி. எல்லாம் குலா மெலாக்காதான் டாக்டர். சீனி ஒரு மணி தொடல. இது மரத்துல வர்றது, சுத்தமானது."

நானும் தலையாட்டினேன். சின்ன வயதில் எனக்குச் சளி பிடித்தால் கருப்பட்டிதான் மருந்து. சீனி கடையிலிருந்து வருவது. வெல்லம் மருந்துக்கு உறவுக்காரன். அப்படித்தான் நாங்கள் இருவரும் நம்பினோம்.

டாக்டர் பேனாவை மூடினார். "எங்கட ஊரிலையும் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பினம், பிள்ளை. மரமெண்டாலும் கரும்பெண்டாலும் ரத்தம் ஊர் பேர் விசாரிக்காது."

திரும்பியதும் மீனாச்சி வீட்டிலிருந்த வெல்லக் கட்டிகளையெல்லாம் துணியில் கட்டித் தன் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

பொங்கலுக்கு முதல் நாள் மீனாச்சி வீட்டார் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். அவள் அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் இருந்தது; வெல்லப் பாகில் மிதக்கும் பலகாரம்தான் நடுநாயகம். படைத்ததைத் தின்னாமல் எழுந்தால் செத்தவரை அவமதித்தது போல. மைத்துனன் பாத்திரத்தோடு என் இலையை நெருங்கினான். இலையைக் கையால் மறைத்தேன்.

"வேண்டாம்பா," என்றேன்.

மைத்துனன் சிரித்தான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது. "நாட்டுக்கே மெர்டேக்கா வந்திருச்சு. அபாங் மட்டும் இன்னும் டாக்டர் ஆட்சியில இருக்காரு!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. மீனாச்சி தம்பி கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"அப்பாவுக்கு வெச்சாச்சு. இவரு இலையில வெக்க மாட்டேன். அப்பாவுக்குக் கோவம்னா என்கிட்ட வரட்டும்."

என் இலையில் மீனும் கங்கோங் கீரையும் வைத்தாள். அன்று குழாயில் நீலம்.

புண் மெல்ல மூடியது. புண் வருமுன் என் பாதத்தை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. இப்போது தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன், அளக்காமல் விட்ட நிலத்தைப் பார்ப்பதுபோல. நேரமும் மாறிவிட்டது. சாப்பிட்டதற்கும் காய்ச்சுவதற்கும் நடுவில்தான் என் பகல் முழுக்க இருக்கிறது. எல்லைக்கல்லை நட்டுவிட்டு வந்துவிடலாம் என்றிருந்தவன், அதன் பக்கத்திலேயே குடியிருக்கிறேன்.

டாக்டர் ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பலேறுமுன் பார்க்கப் போனோம். பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். குழாயைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போயிருந்தேன். மீனாச்சி அவர் வழிக்கென்று தேங்காய்ப்பாலும் குலா மெலாக்காவும் சேர்த்து டோடோல் கிண்டியிருந்தாள். தூக்கைத் திறந்ததும் அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

"தொதல்! எங்கட சாமானெல்லோ இது!"

ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். விரல்நுனி அளவு இன்னொன்று வெட்டி என்னிடம் நீட்டினார். நான் மீனாச்சியைப் பார்த்தேன். அவள் அவரைப் பார்த்தாள். குழாயை அவர் வாங்கவில்லை. என் சட்டைப் பைக்குள்ளேயே செருகிவிட்டார்.

"தின்னும். பிறகு காய்ச்சிப் பாரும். என்ன நிறமெண்டு இனி எனக்குச் சொல்லத் தேவையில்லை."